செட்டில்மெண்டு பணம் வந்தாச்சு! வாசலில் கடன்காரர்!!
வட்டியை தள்ளச் சொல்லி பேசுவது எப்படி?

கண்ணமங்கலம்,

"கம்பெனியை மூடிட்டாங்க, செட்டில்மெண்டு வந்துடுச்சாம்."

இந்த சேதி ஊருக்குள் பரவ ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். வேலை போனவர் வீட்டுக்கு முதலில் வருபவர் சொந்தக்காரர் அல்ல. கடன் கொடுத்தவர்!

ஜவ்வாது மலை அடிவாரத்தில், வேலூர்-போளூர் ரோட்டில் இருக்கிறது கண்ணமங்கலம். இந்தப் பக்கத்து பிள்ளைகள் ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று வேலைக்கு போவது வழக்கம். கம்பெனி வேலையை நம்பித்தான் கடனும் கிடைக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2014-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன்பே 5 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வு பணம் வாங்கி வெளியேறினார்கள். பலர் கல்யாண வயதில் இருந்தவர்கள். மறைமலைநகர் போர்டு கார் தொழிற்சாலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. கையில் மொத்தமாக பணம். அடுத்த மாத சம்பளம்தான் இல்லை.

பாங்கியில் போடலாமா?

புரோ நோட்டில் 3 வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியவருக்கு மாதம் 3 ஆயிரம் ரூபாய் போகிறது. அதே லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு பாங்கியில் போட்டால் மாதம் 583 ரூபாய்தான் வரும். டெபாசிட் ரசீதை பீரோவில் வைத்துக்கொண்டு 3 வட்டி கட்டுவது யாருக்கு லாபம்?

ஆனால் வந்த பணம் முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. ஆறு மாத வீட்டுச் செலவை முதலில் ஒதுக்க வேண்டும். மீதியை வைத்துத்தான் பேச்சு.

"என்னாப்பா, பணம் வந்துச்சாமே?"

"வந்துச்சுண்ணா. வேலை போச்சு, இனி மாசா மாசம் வட்டி கட்ட வழியில்ல. அசலை இன்னிக்கே மொத்தமா குடுத்துடறேன். பாக்கி வட்டியை தள்ளிடுங்க."

இந்த பேச்சு எடுபடும். வேலை இல்லாதவரிடம் கொடுத்த பணம் என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கும் இருக்கிறதே! ஊர் பெரியவர் ஒருவரை பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மிரட்டினால், 2003-ம் ஆண்டு கந்துவட்டி தடை சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம்.

நகைக் கடனில் எடுபடாது

அடகு கடையில் இந்த பேரம் நடக்காது. நகை அவர் கையில். அவருக்கு என்ன அவசரம்? ஏலத்துக்கு போகும் முன் மீட்பதுதான் வழி.

பாங்கி பர்சனல் லோன் வேறு மாதிரி. தவணை நின்றுபோன கடனை குறைத்து முடிக்க பாங்கிகள் சம்மதிப்பது உண்டு. ஆனால் சிபில் பதிவில் "முடிந்தது" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். அடுத்த லோன் கேட்கும்போது அது கண்ணில் படும். இன்னொன்று. தவணை பாக்கி உள்ள பாங்கியிலேயே செட்டில்மெண்டு பணம் வந்து விழுந்தால், பாக்கிக்கு அதை எடுத்துக்கொள்ளக் கூடும். அப்புறம் பேரம் பேச என்ன இருக்கிறது?

வீட்டுக் கடனை முழுவதும் அடைத்தால் 30 நாளில் பத்திரம் கைக்கு வரவேண்டும். பாங்கி தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் தரவேண்டும் என்பது ரிசர்வ் பாங்கி உத்தரவு. 2023 டிசம்பர் முதல் இது அமலில் இருக்கிறது.

நோட்டு எங்கே?

பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் புரோ நோட்டை கண்ணால் பார்க்க வேண்டும். "வீட்ல இருக்கு, நாளைக்கு தர்றேன்" என்றால் பணமும் நாளைக்கே! பாதிப்பணம் கொடுத்து நோட்டின் பின்பக்கம் எழுதி கையெழுத்து போட்டால், அன்றிலிருந்து இன்னும் 3 வருஷத்துக்கு அந்த நோட்டுக்கு உயிர் வந்துவிடும். மொத்தமாக முடித்தால் "பாக்கி இல்லை" என்று எழுதி வாங்கி, நோட்டையும் கையோடு கொண்டுவந்துவிட வேண்டும்.