தற்சார்பு நலப் பணியாளர்களின் முன்னறிவிப்புக் காலமும் இரத்துக் கட்டணமும்

முன்னறிவிப்புக் காலம் என்பது, ஒரு பணி உறவை முடித்துக்கொள்ள விரும்பும் தரப்பு அதனை மற்றத் தரப்புக்கு அறிவிப்பதற்கும் உறவு உண்மையில் முடிவதற்கும் இடைப்பட்ட காலம் ஆகும். பேச்சு வழக்கில் இது நோட்டீஸ் பீரியட் எனப்படுகிறது. ஒத்துக்கொண்ட பணியைப் போதிய அவகாசம் தராமல் கைவிடும் தரப்பு செலுத்தும் தொகை இரத்துக் கட்டணம் எனப்படும். நிரந்தர ஊழியராக அல்லாமல் நாள் கணக்கிலோ முறைக் கணக்கிலோ பணியாற்றும் மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், வீட்டுப் பராமரிப்பாளர் ஆகியோரின் வருமானம் இவ்விரண்டையும் பெரிதும் சார்ந்துள்ளது. எனினும் இவர்களுக்கென இவற்றை நிர்ணயிக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. எழுதிக்கொண்ட ஒப்பந்தமும், அது இல்லாதவிடத்து 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமுமே இவர்களுக்குத் துணை.

யார் தற்சார்புப் பணியாளர்

மருத்துவமனைகளில் விசிட்டிங் டாக்டர் அல்லது கன்சல்டன்ட் என அழைக்கப்படுவோர் பலர் சம்பளம் பெறுவதில்லை. அவர்கள் பெறுவது தொழில்முறைக் கட்டணம். வீட்டுக்கு வந்து நோயாளியைக் கவனிக்கும் செவிலியரும் உதவியாளரும் பெரும்பாலும் ஒரு முகவர் நிறுவனம் வழியாக 12 மணி அல்லது 24 மணி நேர டியூட்டிக்கு அனுப்பப்படுகின்றனர்.

சட்டம் இங்கே இரண்டு வகை உறவுகளைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று, ஊழியராகப் பணி புரியும் ஒப்பந்தம். மற்றது, தற்சார்பாக ஒரு சேவையை வழங்கும் ஒப்பந்தம். நோயாளிகளை நுகர்வோராக ஏற்ற இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி. பி. சாந்தா வழக்கின் தீர்ப்பில் (1995) உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை விளக்கியுள்ளது. முதல் வகையில் பணி எவ்வாறு செய்யப்பட வேண்டும் என்பதையும் முதலாளி கட்டளையிடலாம். இரண்டாம் வகையில் தொழில்முறையாளர் தம் அறிவைக் கொண்டு தாமே முடிவு செய்கிறார். ஒப்பந்தத் தாளில் தற்சார்புப் பணியாளர் என்று எழுதியிருப்பது மட்டும் முடிவானது அன்று. பணி நேரம், மேற்பார்வை, விடுப்பு, ஊதியம் வழங்கும் முறை ஆகியவற்றைப் பார்த்தே நீதிமன்றம் முடிவு செய்யும். மாதம் முழுவதும் ஒரே இடத்தில், அவ்விடத்து அட்டவணைப்படி உழைக்கும் செவிலியரைத் தற்சார்பு என்று அழைப்பது பெயரளவில் மட்டுமே உண்மையாகலாம்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்பது ஊழியருக்குள்ள உரிமைகளைப் பார்த்தால் விளங்கும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இன் 41 ஆம் பிரிவின்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றியவரை நியாயமான காரணம் இன்றி நீக்க முடியாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தரப்பட வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு, ஓராண்டு தொடர் பணி முடித்த தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்யும்போது ஒரு மாத முன்னறிவிப்பும், பணி புரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும் என்கிறது. தற்சார்புப் பணியாளருக்கு இவை எதுவும் இல்லை.

ஒப்பந்தச் சட்டமும் இரத்துக் கட்டணமும்

சென்னையின் மேற்குப் புறநகரில், வானகரம் - அம்பத்தூர் சாலையில் அயனம்பாக்கம் அமைந்துள்ளது. இவ்வூரிலேயே பெரிய தனியார் மருத்துவமனை ஒன்று உண்டு. அருகிலுள்ள வேலப்பன்சாவடியிலும் போரூரிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவர்களுக்கு வீட்டுச் செவிலியர் தேவைப்படுவது இத்தகைய பகுதிகளில் இயல்பு. ஆவடியில் வசிக்கும் ஒரு செவிலியர் அயனம்பாக்கத்தில் ஒரு வீட்டில் இரவு 8 மணி டியூட்டிக்கு ஒத்துக்கொள்கிறார் என எடுத்துக்கொள்வோம். ஊதியம் 1,000 ரூபாய். அதற்காக அன்று நண்பகலில் வந்த வேறோர் அழைப்பை அவர் மறுத்துவிடுகிறார். மாலை 6 மணிக்கு, வர வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லப்படுகிறது.

ஒப்பந்தச் சட்டத்தின் 73 ஆம் பிரிவின்படி, ஒப்பந்த மீறலால் இயல்பாக விளையும் இழப்புக்கு ஈடு கேட்கலாம். ஆனால் இழப்பைக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பு இருந்ததா என்பதும் கணக்கில் எடுக்கப்படும். அன்றிரவே 700 ரூபாய்க்கு வேறு பணி கிடைத்திருந்தால் அவரது இழப்பு 300 ரூபாய் மட்டுமே. மாலை 6 மணிக்கு மேல் வேறு பணி கிடைப்பது அரிது. ஆகவே அறிவிப்பு எவ்வளவு தாமதமோ, இழப்பு அவ்வளவு பெரிது. ஒப்பந்தங்களில் 24 மணி நேரத்துக்கு முன் இரத்து செய்தால் கட்டணம் இல்லை, அதன் பின் பாதி, கடைசி நேரத்தில் முழுத்தொகை என்று படிப்படியாக எழுதும் வழக்கத்துக்குக் காரணம் இதுவே.

தொகையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் 74 ஆம் பிரிவு பொருந்தும். எழுதப்பட்ட தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்கு மேற்படாத நியாயமான ஈட்டையே நீதிமன்றம் வழங்கும். பதே சந்த் எதிர் பால்கிசன் தாஸ் (1963), கைலாஷ் நாத் அசோசியேட்சு எதிர் தில்லி வளர்ச்சி ஆணையம் (2015) ஆகிய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. எனவே ஒரு நாள் வராததற்கு ஒரு மாத ஊதியத்தைப் பிடிக்கும் விதியும், ஒரு முறை இரத்துக்குப் பத்து முறைக் கட்டணம் கேட்கும் விதியும் அப்படியே செல்லுபடியாகும் எனக் கொள்ள முடியாது.

வீட்டுப் பராமரிப்புக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. நோயாளி இறந்துவிட்டால் செவிலியரின் பணி அந்த இரவே முடிந்துவிடுகிறது. இதில் எவர் தவறும் இல்லை. நிறைவேற்ற இயலாமற் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது 56 ஆம் பிரிவு. அவ்வாறானபோது பெற்ற நன்மையைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65 ஆம் பிரிவு. ஆகவே செய்யப்படாத நாட்களுக்கு வாங்கிய முன்பணத்தைக் குடும்பம் திரும்பக் கேட்கலாம். செவிலியர் அடுத்த நாட்களுக்கான இழப்பீட்டைக் கேட்பது கடினம். நோயாளி மரணமடைந்தாலோ மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ இத்தனை நாள் ஊதியம் என்று முன்பே எழுதிக்கொள்வதே இதற்கு வழி. துயரத்தில் இருக்கும் வீட்டில் இதைப் பற்றி வாய் திறக்க எவருக்கும் மனம் வராது என்பதாலும் முன்பே எழுதுவது நல்லது.

பணியாளர் விலகும்போது

அறிவிப்பின்றி விலகும் பணியாளரும் பொறுப்புக்கு உட்பட்டவரே. ஆனால் தனிப்பட்ட ஒருவரின் உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை அவ்வாறே நிறைவேற்றும்படி நீதிமன்றம் ஆணையிடாது. குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம், 1963 இன் 14 ஆம் பிரிவு இதனைத் தடுக்கிறது. கேட்கக்கூடியது பணம் மட்டுமே.

இந்தத் தடையைச் சுற்றிக் கடக்க எழுந்ததே பாண்டு எனப்படும் பிணை முறை. குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பெருந்தொகை கட்ட வேண்டும் என எழுதி வாங்குவதும், மூலச் சான்றிதழ்களை வைத்துக்கொள்வதும் தனியார் மருத்துவமனைச் செவிலியரிடையே பெரும் மனக்குறையாக இருந்தன. 2011, 2012 ஆம் ஆண்டுகளில் கேரளம், மும்பை, தில்லி ஆகிய இடங்களில் நடந்த வேலைநிறுத்தங்களில் இதுவும் ஒரு முதன்மைக் கோரிக்கை. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 சனவரி 29 அன்று ஒரு குழு அமைக்க ஆணையிட்டது. 50 படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் வழங்க வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. பிணைத்தொகை முற்றிலும் சட்டவிரோதம் எனக் கொள்வதும் தவறு. விஜயா வங்கி வழக்கில் (2025), மூன்றாண்டுக்கு முன் விலகிய பொதுத்துறை வங்கி அதிகாரி 2 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது.

மருத்துவருக்குக் கூடுதலாக ஒரு கடமை உண்டு. இந்திய மருத்துவக் குழுவின் 2002 ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, ஏற்றுக்கொண்ட நோயாளியை, அவருக்கும் குடும்பத்துக்கும் போதிய அறிவிப்புத் தராமல் மருத்துவர் கைவிடலாகாது. நிருவாகத்தோடு உள்ள பிணக்கு இதற்கு விலக்கு ஆகாது.

வரி தொடர்பாகவும் ஒரு தெளிவு ஏற்பட்டுள்ளது. முன்னறிவிப்பின்றி விலகுபவரிடம் பிடிக்கப்படும் தொகை ஒரு சேவைக்கான விலை அன்று. அதற்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை என 2022 ஆகத்து 3 ஆம் நாளிட்ட நடுவண் அரசுச் சுற்றறிக்கை விளக்கியது. அதே சுற்றறிக்கை, இரத்துக் கட்டணம் மூலச் சேவைக்குரிய வரி விதிப்பையே பின்பற்றும் என்கிறது.

தமிழ்நாட்டின் ஒப்பந்தச் செவிலியர்

தமிழ்நாட்டில் முன்னறிவிப்புப் பற்றிய கேள்வியை வெளிப்படையாக எழுப்பிய நிகழ்வு அரசுத் துறையில் நடந்தது. கொரோனாப் பெருந்தொற்றின்போது 2020 இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகச் செவிலியர்கள் தற்காலிகமாக நியமிக்கப்பட்டனர். ஆறு மாத ஒப்பந்தம் பின்னர் நீட்டிக்கப்பட்டு வந்தது. 2022 டிசம்பர் 31 க்குப் பின் பணி நீட்டிப்பு இல்லை என்ற அரசாணை அதற்கு முந்தைய நாளே வந்தது. ஏறத்தாழ 2,400 பேர் பாதிக்கப்பட்டனர். சேலம் உள்ளிட்ட இடங்களில் போராட்டங்கள் நடந்தன. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக மாற்றுப் பணி வழங்கப்படும் என அரசு பின்னர் அறிவித்தது. இவர்கள் தற்சார்புப் பணியாளர் அல்லர். ஆனால் காலவரையறை ஒப்பந்தம் தானாகவே காலாவதியாகும் என்பதால் தனி முன்னறிவிப்புத் தேவையில்லை என்ற வாதம், பலமுறை நீட்டிக்கப்பட்ட ஒப்பந்தத்தில் எவ்வளவு கடுமையாக அமையும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பிற நாடுகள்

நெதர்லாந்தில் 2020 சனவரி 1 முதல், அழைப்பின்பேரில் பணி புரிவோரை நான்கு நாட்களுக்கு முன் அழைக்க வேண்டும். அதற்குப் பின் அழைப்பை இரத்து செய்தால் ஊதியம் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆம் ஆண்டுப் பணிப்புரையும் தாமதமான இரத்துக்கு ஈடு தரக் கோருகிறது. ஐக்கிய இராச்சியத்தின் 2025 ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம், இரத்தான முறைகளுக்குப் பணம் பெறும் உரிமைக்கு வழி செய்கிறது. முகவர் வழிப் பணியாளரும் இதில் அடங்குவர். ஆயினும் இவை யாவும் ஏதோவொரு வகையில் வேலையில் அமர்த்தப்பட்டவர்களுக்கே. முற்றிலும் தற்சார்பாக இயங்கும் மருத்துவர் அங்கும் தம் ஒப்பந்தத்தையே நம்ப வேண்டும்.

தளம் வழிப் பணியும் தீர்வு வழிகளும்

இந்தியாவின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 இன் ஏழாம் அட்டவணை, செயலி வழிச் சேவைகளின் பட்டியலில் நலப் பராமரிப்பையும் சேர்த்துள்ளது. இத்தகைய நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நல நிதிக்குத் தர வேண்டும். முன்னறிவிப்புக் காலம் பற்றி அது பேசவில்லை. கருநாடகத்தின் 2025 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே சென்று, பணியாளரை நீக்க 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்து மூலமான காரணமும் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023 இல் அமைக்கப்பட்ட தளம் சார்ந்த பணியாளர் நல வாரியம் நல உதவிகளுக்கான அமைப்பாகும்.

தொகை சிறிது என்பதால் வழக்குத் தொடுப்போர் குறைவு. ஆயினும் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987 இன் 12 ஆம் பிரிவின்படி, பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். வீட்டுச் செவிலியரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இது பயனுள்ள வழி. அயனம்பாக்கம் சுற்று வட்டாரத்தினர் பூந்தமல்லியிலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடுக்கும் கால வரம்பு மூன்று ஆண்டுகள். வாட்ஸ்அப் செய்தியில் நாளும் நேரமும் ஊதியமும் ஒத்துக்கொள்ளப்பட்டிருந்தால் அதுவும் ஒப்பந்தமே. ஆனால் அதனைச் சான்றாகக் கொடுக்க, 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63 ஆம் பிரிவு கோரும் சான்றிதழை இணைக்க வேண்டும்.