ஆளை மாற்றினார், பாட்டு மாறியது

இரும்பு இசை – தொடர் 11

1990 இலையுதிர் காலம். ஜெர்மனியின் 'கிரியேட்டர்' குழுவோடு சேர்ந்து ஐரோப்பாவைச் சுற்றி வர ஃப்ளோரிடாவின் 'டெத்' குழு தேதி கொடுத்திருந்தது. கிளம்ப வேண்டிய கடைசி நேரத்தில் சக் ஷுல்டினர் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பயண ஏற்பாடு சரியில்லை என்பது அவர் சொன்ன காரணம். குழுவைத் தொடங்கியவர் அவர், பாட்டு எழுதுபவர் அவர், பாடுபவர் அவர், கிட்டாரும் அவரே. ஆனாலும் பேஸ் வாசித்த டெர்ரி பட்லரும் டிரம்ஸ் வாசித்த பில் ஆண்ட்ரூஸும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. கூட வந்த ஆட்களில் ஒருவர் கையில் மைக்கையும் இன்னொருவர் கையில் கிட்டாரையும் கொடுத்து, 'டெத்' என்ற பெயரிலேயே மேடை ஏறிவிட்டார்கள்.

ஊரில் இருந்த சக்குக்குச் சேதி போனது. இருவருக்கும் சீட்டுக் கிழிந்தது.

இசைக்குழுக்களில் இப்படிச் சண்டை வருவது புதிதல்ல. இரண்டு மாதம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, அதே மாதிரி வாசிக்கும் வேறு இருவரைப் பிடித்துப்போட்டு வண்டியை ஓட்டுவார்கள். சக் அப்படிச் செய்யவில்லை. இனி நிரந்தரக் குழு என்ற ஏற்பாடே வேண்டாம், ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அந்தந்தப் பாட்டுக்கு வேண்டிய ஆட்களைத் தேடிப் பிடிப்பது என்று முடிவெடுத்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஹியூமன்' அந்த முடிவின் முதல் விளைச்சல். டெத் மெட்டல் கேட்பவர்களில் பலர் இன்றைக்கும் அந்த இசையின் வரலாற்றை ஹியூமனுக்கு முன், ஹியூமனுக்குப் பின் என்றுதான் பிரித்துப் பேசுகிறார்கள்.

போன வாரம் டாம்பா நகரத்து மாரிசவுண்ட் ஸ்டூடியோவுக்குள் போய் வந்தோம். டாம், ஜிம் என்ற மாரிஸ் சகோதரர்கள் நடத்திய இடம். 1989இல் வெளிவந்த தங்கள் முதல் ஆல்பங்களை மார்பிட் ஏஞ்சல், ஒபிச்சுவரி இரண்டும் அங்கேதான் பதிவு செய்தன. மறு ஆண்டு டீஸைட் வந்தது. அந்த வாசலை இவர்களுக்கு முன்பே மிதித்துவிட்ட குழு டெத். அதன் கதைக்கு ஒரு வாரம் போதாது என்றுதான் போன முறை ஒதுக்கி வைத்தோம்.

சக் பிறந்தது 1967 மே 13, நியூயார்க்கின் லாங் ஐலண்டில். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஃப்ளோரிடாவுக்கு வந்துவிட்டது. 16 வயது அண்ணன் கார் விபத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் மூழ்கிய பையனுக்கு ஏதாவது பிடிப்பு வேண்டுமே என்று ஒன்பது வயதில் பெற்றோர் கிட்டார் வாங்கிக் கொடுத்தார்கள். வாத்தியார் வைத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார்கள். சக்குக்கு அது ஒட்டவில்லை. சீக்கிரமே வகுப்பு நின்றது. பிறகு சொந்தமாகப் பழகியதுதான். 16 வயதில், 1983இல், ஆர்லாண்டோவை ஒட்டிய ஆல்டமான்ட் ஸ்பிரிங்ஸில் ரிக் ராஸ், கேம் லீ என்ற இரண்டு நண்பர்களோடு 'மான்டாஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். அதுதான் 1984இல் டெத் ஆனது.

அப்போது இந்த இசைக்கு ரெக்கார்ட் கம்பெனியும் கிடையாது, வானொலியும் கிடையாது. வீட்டில் பதிவு செய்த கேசட்டைத் தபாலில் அனுப்பினால், வாங்கியவர் பிரதி எடுத்து இன்னொருவருக்கு அனுப்புவார். டெத்தின் பெயர் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்தது இந்தத் தபால் வழியாகத்தான்.

ஆனால் கூடவே நின்று வாசிக்க ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சக் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். சரிப்படாமல் திரும்பினார். 1986 தொடக்கத்தில் கனடாவின் 'ஸ்லாட்டர்' குழுவில் சேர டொரன்டோ போனார். அங்கே தங்கியது சில வாரம்கூட இல்லை. மறுபடி கலிஃபோர்னியா. அங்கே கிறிஸ் ரீஃபர்ட் என்ற இளம் டிரம்ஸ்காரர் கிடைத்தார். 1987இல் வந்த முதல் ஆல்பம் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' முழுவதும் இந்த இருவரின் உழைப்பு. கிட்டார், பேஸ், குரல் மூன்றும் சக், டிரம்ஸ் ரீஃபர்ட். அது முடிந்து சக் ஃப்ளோரிடாவுக்குத் திரும்ப, ரீஃபர்ட் கலிஃபோர்னியாவிலேயே தங்கி 'ஆட்டாப்ஸி' என்ற குழுவைத் தொடங்கினார். இரண்டாவது ஆல்பம் 'லெப்ரசி' 1988இல் மாரிசவுண்டில் பதிவானது. அதன் அட்டையில் பேஸ் என்று பட்லர் பெயர் இருக்கிறது. ஒலிநாடாவில் வாசித்தவர் சக்தான். 1990இல் 'ஸ்பிரிச்சுவல் ஹீலிங்'. அதில் புதிதாக ஜேம்ஸ் மர்ஃபி என்ற கிட்டார்காரர் வந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் ஒபிச்சுவரியின் ஆல்பத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஐரோப்பியப் பயணத்துக்கு முன்பே ஆள் நிலைக்காத குழுவாக டெத் இருந்தது என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரியும். 1990க்குப் பிறகு வேறுபட்டது ஒன்றே ஒன்று. அதுவரை ஆட்கள் போனதால் புது ஆட்கள் வந்தார்கள். அதன் பிறகு பாட்டு கேட்டதால் வந்தார்கள்.

பாட்டு என்ன கேட்டது? முதல் மூன்று ஆல்பங்களில் ரிஃப் என்கிற கிட்டார் வாக்கியம்தான் எல்லாம். டிரம்ஸ் அதன் பின்னால் ஒரே சீராக அடித்துக்கொண்டு போகும். பேஸ், கிட்டார் போன தடத்திலேயே போகும். சக்கின் தலைக்குள் அப்போது ஓடிக்கொண்டிருந்த ரிஃப்கள் அந்தச் சட்டத்துக்குள் அடங்கவில்லை. தாளம் நடுவில் முறியும், ஏழாக வளரும், ஐந்தாகச் சுருங்கும், மெதுவாகி மறுபடி பாயும். பாட்டும் பாடகரும் அதேயானாலும் மிருதங்கக்காரரை மாற்றிப் பாருங்கள், அன்றைய கச்சேரியே வேறாகிவிடும். சக் மூன்று வாத்தியங்களையும் ஒரே அடியாக மாற்றினார்.

மயாமியில் 'சைனிக்' என்ற குழு இருந்தது. அதன் கிட்டார்காரர் பால் மாஸ்விடல், டிரம்ஸ்காரர் ஷான் ரைனர்ட். இருவருக்கும் அப்போது 20 வயது. மெட்டல் வாசித்தபடியே ஜாஸ் ஃப்யூஷனில் ஊறிப்போயிருந்தவர்கள். இவர்களோடு, கலிஃபோர்னியாவின் 'சேடஸ்' குழுவிலிருந்து சக்கின் பழைய நண்பர் ஸ்டீவ் டிஜார்ஜியோ பேஸுக்கு வந்தார். சக்குக்கு வயது 24. மாரிசவுண்டில், ஒலிப்பதிவாளர் ஸ்காட் பர்ன்ஸோடு உட்கார்ந்து இவர்கள் பதிவு செய்த எட்டுப் பாட்டுகள் 1991 அக்டோபரில் ஹியூமன் என்று வெளிவந்தன. மொத்தம் ஏறக்குறைய 34 நிமிடம்.

முதல் பாட்டு 'ஃப்ளாட்டனிங் ஆஃப் எமோஷன்ஸ்'. வழக்கமாக இந்த வகை ஆல்பங்கள் கிட்டார் அலறலோடு கதவை உடைத்துக்கொண்டு வரும். இங்கே முதலில் கேட்பது டிரம்ஸ் மட்டும். தொலைவில் உருளத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் ஏறி, பக்கத்தில் வந்து நிற்கிறது. அதன் பிறகுதான் கிட்டார். புது ஆளை முன்னால் நிறுத்தித்தான் சக் ஆல்பத்தையே தொடங்குகிறார். ரைனர்ட் இரண்டு கால்களாலும் டபுள் பேஸ் டிரம்ஸை மிதித்துக்கொண்டே கைகளால் சிம்பலில் சின்னச் சின்னதாக வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அவர் வேகத்தைக் கேட்டு வியப்பவர்கள் இரண்டாம் முறை கேட்கும்போது கவனிப்பது அந்தச் சிம்பலைத்தான்.

'லாக் ஆஃப் காம்ப்ரிஹென்ஷன்' இன்னொரு உதாரணம். தொடக்கத்தில் ஓவர்டிரைவ் இல்லாத சுத்தமான கிட்டார் ஒலி, கிட்டத்தட்ட ஜாஸ் மேடையில் கேட்பது போல, அவசரமில்லாமல் நடக்கிறது. பிறகு திடீரென்று பாட்டு பாய்கிறது. இளைஞர்களின் அவலங்களுக்கெல்லாம் இசையின் மேல் பழி போடுகிறவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பாட்டு அது. தங்கள் மகன்களின் தற்கொலை முயற்சிக்குப் பாட்டுதான் காரணம் என்று இரண்டு குடும்பங்கள் 'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழுவின் மேல் நெவாடாவில் தொடுத்த வழக்கு 1990இல்தான் நடந்து தள்ளுபடியாகியிருந்தது. பிணமும் ரத்தமும் பாடித் தொடங்கிய சக், இந்த ஆல்பத்தில் மனிதர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் பாட்டுக்குத்தான் டெத் முதல்முறையாக வீடியோ எடுத்தது.

ஒரு குறை இருந்தது. டிஜார்ஜியோவின் பேஸ் அந்தக் காலக் கலவையில் அடியில் போய்ப் புதைந்துவிட்டது. 20 ஆண்டு கழித்து, 2011இல், ரிலாப்ஸ் நிறுவனத்துக்காக ஜிம் மாரிஸ் ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்தபோதுதான் அவர் என்ன வாசித்தார் என்பது பலருக்குக் காதில் விழுந்தது.

சீட்டுக் கிழிக்கப்பட்ட பட்லரும் ஆண்ட்ரூஸும் சும்மா இருந்துவிடவில்லை. டெத்தின் பழைய கூட்டாளிகளான ரிக் ராஸ், கேம் லீ ஆகியோரோடு சேர்ந்து, அதே 1991இல், 'மாஸக்கர்' என்ற குழுவின் பெயரில் 'ஃப்ரம் பியாண்ட்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் விஷயம் விளங்கும். 'ஃப்ரம் பியாண்ட்' பழைய முறையில் பலமாக நிற்கும் ஆல்பம், அதற்கென்று உயிரை விடும் ரசிகர்கள் உண்டு. சக் இல்லாத பழைய டெத் எங்கே போயிருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஹியூமனை எடுத்துக்கொண்டு குழு ஐரோப்பா போனபோது, சக் முறித்துக்கொண்ட அந்தப் பழைய பயணத்தின் கடன் வாசலில் காத்திருந்தது. பிரிட்டனில் வாத்தியங்கள் பறிமுதலாயின. மாட்டிக்கொண்டவர்கள், அந்த வம்பில் எந்தச் சம்பந்தமும் இல்லாத மாஸ்விடலும் ரைனர்ட்டும். பயணம் முடிந்ததும் இருவரும் தங்கள் சைனிக்குக்கே திரும்பிவிட்டார்கள். ஊரிலும் அவர்களுக்கு நல்ல நேரமில்லை. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃப்ளோரிடாவைப் புரட்டிப் போட்டதில் வேலை தள்ளிப்போய், சைனிக்கின் முதல் ஆல்பமான 'ஃபோகஸ்' 1993இல்தான் வெளிவந்தது.

சக் அடுத்த ஆட்களைப் பிடித்தார். லாஸ் ஏஞ்சலஸின் 'டார்க் ஏஞ்சல்' குழுவிலிருந்து ஜீன் ஹோக்லன் டிரம்ஸுக்கு வந்தார். கிங் டயமண்டோடு வாசித்துக்கொண்டிருந்த ஆண்டி லாராக் ஸ்வீடனிலிருந்து வந்து கிட்டார் வாசித்தார். டிஜார்ஜியோ மட்டும் தங்கினார். இந்த முறை ஃப்ரெட் என்கிற குறுக்குக் கம்பிகள் இல்லாத பேஸோடு. 1993இல் வந்த 'இண்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்' ஆல்பத்தில் அந்தப் பேஸ் வழுக்கி வழுக்கி கிட்டாரோடு வாக்குவாதம் செய்வதைத் தெளிவாகக் கேட்கலாம். 1995இல் 'சிம்பாலிக்'. ஹோக்லன் தொடர்ந்தார்; கிட்டாரிலும் பேஸிலும் பாபி கோல்பிள், கெல்லி கான்லன் என்று புதுமுகங்கள். சிக்கல் குறைந்து மெட்டு கூடியிருந்தது. 1998இல் 'தி சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ்'. ரிச்சர்ட் கிறிஸ்டி, ஸ்காட் கிளெண்டெனின், ஷானன் ஹாம் என்று சக்கைத் தவிர அத்தனை பேரும் புதியவர்கள்.

ஏழு ஆல்பம். அவற்றில் எந்த இரண்டிலும் ஒரே கூட்டணி கிடையாது.

சக் ஆளை வைத்துக்கொள்ளத் தெரியாதவர், அவரோடு யாருக்கும் ஒத்துப்போகாது என்ற பேச்சு அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. பழைய கூட்டாளிகளில் சிலர் அதை மறுக்கவும் மாட்டார்கள். ஆனால் இசைத்தட்டுகளை வரிசையாக அடுக்கிக் கேட்கும்போது வேறொன்று புலப்படுகிறது. வந்தவர்கள் எவரையும் சக் முந்தைய ஆள் மாதிரி வாசிக்கச் சொல்லவில்லை. ரைனர்ட்டின் இடத்துக்கு வந்த ஹோக்லன், ரைனர்ட் மாதிரி வாசிக்கவில்லை. கடிகாரத் துல்லியத்தோடு ஓங்கி அடிக்கும் அவருடைய பாணிக்கு இடம் விட்டுத்தான் அடுத்த இரண்டு ஆல்பங்களின் பாட்டுகளும் அமைந்திருக்கின்றன. முந்தையவரின் நகலைத் தேடும் குழுக்களுக்கு ஆள் மாற்றம் ஒரு விபத்து. சக்குக்கு அது பாட்டெழுதும் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது.

கடைசியில் அவர் மாற்ற நினைத்தது தன்னையே. உறுமும் குரலை விட்டுவிட்டு, வாய்விட்டுப் பாடும் ஒரு பாடகரை வைத்துப் புதுக்குழு தொடங்க விரும்பினார். இசைத்தட்டு நிறுவனம் முதலில் இன்னொரு டெத் ஆல்பம் கேட்டது. அந்தப் புதுக்குழுவுக்காக எழுதிய சில பாட்டுகள் அப்படித்தான் 1998 ஆல்பத்துக்குள் வந்தன. பிறகு டிம் ஏமாரைப் பாட வைத்து 'கண்ட்ரோல் டினைட்' என்ற பெயரில் 1999இல் ஒரு ஆல்பம் வந்தது. அதில் சக் கிட்டார் மட்டுமே வாசித்தார்.

அதே ஆண்டு மே 13, அவருடைய 32ஆவது பிறந்தநாளில், மூளைத் தண்டில் கட்டி இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். சிகிச்சைச் செலவுக்கு இசைக்கலைஞர்களும் ரசிகர்களும் நிதி திரட்டினார்கள். 2000 ஜனவரியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2001 டிசம்பர் 13 அன்று சக் காலமானார். வயது 34.

2012இலிருந்து 'டெத் டு ஆல்' என்ற பெயரில் பழைய உறுப்பினர்கள் மேடை ஏறிக்கொண்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் மாஸ்விடலும் ரைனர்ட்டும்கூட வாசித்தார்கள். ரைனர்ட் 2020 ஜனவரியில் இறந்துபோனார். டிஜார்ஜியோ, ஹோக்லன், கோல்பிள் மூவரும், சக்கின் இடத்தில் மேக்ஸ் ஃபெல்ப்ஸும் என்று கூட்டணி இப்போது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. சக் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் வாய்க்காத நிலைத்தன்மை அது. வாசிப்பதெல்லாம் அந்த ஏழு ஆல்பங்களின் பாட்டுகள்.

அடுத்த வாரம் இதற்கு நேர் எதிரான ஒரு கதை. பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே பாடகரை அனுப்பிவிட்டு, இன்னொருவரை அழைத்து வந்து அதே ஆல்பத்தை முடித்து, 1996இல் பில்போர்டு 200 பட்டியலில் 151ஆம் இடத்தைப் பிடித்த பஃபலோ நகரத்துக்காரர்கள்: கேனிபல் கார்ப்ஸ்.

(தொடரும்)