ஆன்லைன் கடை... அடைப்பு எங்கே? கட்டும்போது வரும் சிக்கல்களும் தீர்வுகளும்!

மஞ்சளைக் கிழங்காக விற்பதைவிடத் தூளாக விற்றால் கையில் கூடுதலாக நிற்கும். நிலக்கடலையை மூட்டையாகப் போடுவதைவிட மரச்செக்கு எண்ணெயாக விற்றால் லாபம். மதிப்புக்கூட்டலில் இறங்கிய விவசாயிகளுக்கு இது தெரிந்த கணக்கு. முதலில் வாட்ஸ்அப் குழுவில் விற்பனை தொடங்கும். வாடிக்கையாளர்கள் பெருகியதும், 'சொந்தமாக ஓர் ஆன்லைன் கடை போட்டுவிடலாம்' என்ற யோசனை வரும். கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ, பக்கத்து டவுனில் உள்ள கம்ப்யூட்டர் சென்டரோ வேலையைத் தொடங்குவார்கள்.

கடை பாதி எழும்பிய நிலையில்தான் சிக்கல்கள் வரிசை கட்டும். பணம் எடுக்கப்பட்டிருக்கும், ஆர்டர் வந்திருக்காது. அரைக் கிலோ மஞ்சள்தூளுக்குக் கூரியர் கட்டணம் ஆயிரக்கணக்கில் காட்டும். திடீரென்று திரை வெள்ளையாகிவிடும். 'நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது' என்று கட்டிய காசோடு கைவிடுபவர்கள் உண்டு. உண்மையில் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை ஏழெட்டு வகைதான். ஒவ்வொன்றுக்கும் தீர்வு இருக்கிறது.

இங்கே சொல்லப்படுபவை, வேர்ட்பிரஸ் மென்பொருளும் அதனுடன் இணையும் வூகாமர்ஸும் கொண்டு கட்டப்படும் கடைகளுக்கானவை. இந்த இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. இணையதளப் பெயருக்கும் (டொமைன்), தளத்தை வைத்திருக்கும் இடத்துக்கும் (ஹோஸ்டிங்) மட்டும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்.

எங்கே நின்றது என்று பாருங்கள்

சொட்டுநீர்ப் பாசனத்தில் கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகவில்லை என்றால் குழாய் முழுவதையும் பிடுங்கிப் போடுவதில்லை. மோட்டார், ஃபில்டர், வால்வு, பக்கக்குழாய் என்று வரிசையாகப் பார்த்து, எதுவரை தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடிக்கிறோம். ஆன்லைன் கடைக்கும் அதே முறைதான்.

ஓர் ஆர்டர் கடந்து வரும் வழி இது: தளம் திறக்க வேண்டும்; பொருள் தெரிய வேண்டும்; கூடையில் சேர வேண்டும்; கூரியர் கட்டணம் கணக்காக வேண்டும்; பணம் வர வேண்டும்; ஆர்டர் தகவல் உங்களுக்கு வர வேண்டும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழுது பார்ப்பவரிடம் 'சைட் வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. எந்தப் படி, எந்த போன், எத்தனை மணிக்கு, திரையில் என்ன வாசகம் வந்தது என்று ஸ்கிரீன்ஷாட்டுடன் அனுப்புங்கள்.

முதல் கேள்வி: பட்டா யார் பெயரில்?

கட்டும்போது பலர் கவனிக்காமல் விட்டு, பிறகு பெரிதாக அவதிப்படுவது இதில்தான். இணையதளத்தை வடிவமைத்துக் கொடுப்பவர் டொமைனைத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் வாங்கிவிடுவார். ஓர் ஆண்டு கழித்து அவர் ஊர் மாறினாலோ, மனக்கசப்பு வந்தாலோ கடையின் பெயர்ப்பலகை அவர் கையில்தான் இருக்கும். பாக்கெட்டில் அச்சிட்ட முகவரி, வாடிக்கையாளர் சேமித்து வைத்த லிங்க் எல்லாம் வீண்.

டொமைன், ஹோஸ்டிங், பேமென்ட் கேட்வே, வேர்ட்பிரஸ் நிர்வாகி கணக்கு ஆகிய நான்கும் உங்கள் பெயரில், உங்கள் செல்போன் எண்ணில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வேலை செய்பவருக்குத் தனியாக ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடலாம். டொமைனைப் புதுப்பிக்கும் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். தவறவிட்டு, சலுகைக் காலமும் முடிந்துவிட்டால் அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம்.

தளமே திறக்கவில்லையா?

டொமைனை ஹோஸ்டிங்குடன் இப்போதுதான் இணைத்திருந்தால் பதற வேண்டாம். அந்த மாற்றம் எல்லா இடங்களுக்கும் பரவ 24 முதல் 48 மணி நேரம்வரை ஆகலாம். உங்கள் போனில் திறந்து, பக்கத்து வீட்டு போனில் திறக்காமல் இருப்பதும் இதனால்தான்.

'டாட் காம்' பெயர் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மின்னஞ்சலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாள்களுக்குள் உறுதி செய்யாவிட்டால் தளம் நிறுத்தி வைக்கப்படும். நன்றாக ஓடிய தளம் இரண்டு வாரங்கள் கழித்து மறைந்தால் இதுதான் காரணமாக இருக்கும்.

'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை வந்தால் எஸ்.எஸ்.எல் சான்றிதழ் இல்லை அல்லது காலாவதி ஆகிவிட்டது என்று பொருள். பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் இதை இலவசமாகவே தருகின்றன. தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வைத்தால் போதும்.

முகப்புப் பக்கம் திறக்கிறது, பொருளைத் தொட்டால் மட்டும் '404' என்று வருகிறதா? செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பகுதிக்குப் போய், எதையும் மாற்றாமல் 'சேவ்' பொத்தானை மட்டும் அழுத்துங்கள். பல நேரங்களில் அதிலேயே சரியாகிவிடும்.

படமும் எழுத்தும்

போனில் எடுத்த படம் 4, 5 எம்.பி இருக்கும். அப்படியே ஏற்றினால் கிராமத்து சிக்னலில் பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் போய்விடுவார். படத்தின் அகலத்தை 1,000 பிக்சல் அளவுக்குக் குறைத்து, 200 கே.பி-க்குள் சுருக்கி ஏற்றுங்கள்.

தமிழ் எழுத்துகள் கிறுக்கலாகத் தெரிந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டியிருப்பார்கள். யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பொருளின் பெயர் தமிழில் இருக்கட்டும். அதன் இணைய முகவரியை மட்டும் ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் இருந்தால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது நீளமான குறியீடுகளாக மாறிவிடும்.

கூரியர் கட்டணம் தாறுமாறா?

அரைக் கிலோ மஞ்சள்தூளுக்கு '500' என்று எடை போட்டிருப்பீர்கள். கடையின் அலகு கிலோகிராமில் இருந்தால் அது 500 கிலோ! கட்டணம் மலைபோல ஏறுவதற்கு முதல் காரணம் இதுதான். அலகை கிராமுக்கு மாற்றுங்கள் அல்லது 0.5 என்று போடுங்கள். பொருளின் எடையை மட்டும் போடாமல் கேன், அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்துப் போட வேண்டும்.

'உங்கள் முகவரிக்கு டெலிவரி இல்லை' என்று காட்டினால், அந்தப் பகுதிக்கான 'ஷிப்பிங் ஜோன்' உருவாக்கப்படவில்லை, அல்லது உருவாக்கிய ஜோனுக்குள் கட்டண முறை எதுவும் சேர்க்கப்படவில்லை. ஜோன்களின் வரிசையும் முக்கியம். வூகாமர்ஸ் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் ஜோனை எடுத்துக்கொள்ளும். 'இந்தியா' மேலேயும் 'தமிழ்நாடு' கீழேயும் இருந்தால், பக்கத்து மாவட்டத்து வாடிக்கையாளருக்கும் டெல்லி கட்டணம் விழும். தமிழ்நாட்டை மேலே வையுங்கள்.

கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் அளவையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். வருவதும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உலர்ந்த முருங்கை இலை 1 கிலோவை 40 × 30 × 25 செ.மீ பெட்டியில் அனுப்பினால் கணக்கில் வருவது 6 கிலோ. லேசான, இடத்தை அடைக்கும் பொருள்களுக்குச் சின்னப் பெட்டி தேடுங்கள். இல்லையென்றால் விற்ற லாபம் முழுவதும் கூரியருக்கே போகும்.

கூடை காலியாகிறதா?

பொருளைச் சேர்த்த பிறகும் கூடை காலியாக இருந்தால் 'கேஷ்' ப்ளக்-இன்னைச் சந்தேகப்படுங்கள். தளம் வேகமாகத் திறக்க, பழைய பக்கத்தை நகலெடுத்து வைத்துக் காட்டுவது அதன் வேலை. கூடை, பணம் செலுத்தும் பக்கம், 'என் கணக்கு' ஆகிய மூன்றையும் அதிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

பணம் போய்விட்டது... ஆர்டர் வரவில்லை!

வாடிக்கையாளரின் நம்பிக்கை உடையும் இடம் இது. நிதானமாகப் பார்த்தால் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும். முதலில் பேமென்ட் கேட்வேயின் கணக்கைத் திறந்து, அந்தத் தொகை அங்கே வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

1. கேட்வேயிலும் இல்லை: பணம் வங்கிகளுக்கு இடையே நிற்கிறது. யு.பி.ஐ மூலம் வணிகருக்குச் செலுத்திய பணம் இப்படிச் சிக்கினால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாள்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019-ல் கொண்டுவந்த விதி. இதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

2. கேட்வேயில் வந்திருக்கிறது, கடையில் 'பெண்டிங்' என்று நிற்கிறது: கேட்வே உங்கள் கடைக்குச் சொல்லும் தகவல் வந்து சேரவில்லை. அந்தத் தகவல் வரும் வழிக்கு 'வெப்ஹூக்' என்று பெயர். கேட்வேயின் செட்டிங்ஸில் உங்கள் தளத்தின் வெப்ஹூக் முகவரியைச் சரியாகக் கொடுத்தால் தீரும். அதுவரை, கேட்வே கணக்கைப் பார்த்து ஆர்டரை நீங்களே 'ப்ராசஸிங்' என்று மாற்றலாம். இருப்புக் கணக்கு இயக்கத்தில் இருந்தால், பணம் வராத ஆர்டரை 60 நிமிடங்களில் ரத்து செய்வது வூகாமர்ஸின் இயல்பான அமைப்பு. பணம் கட்டியவரின் ஆர்டர் 'கேன்சல்டு' ஆவதற்கு இதுவே காரணம். அந்த நேரத்தை செட்டிங்ஸில் கூட்டிக்கொள்ளலாம்.

3. கேட்வேயில் 'ஆத்தரைஸ்டு' என்று மட்டும் இருக்கிறது: பணம் இன்னும் உங்களுக்கு உறுதியாகவில்லை. 'கேப்சர்' ஆகாவிட்டால் வாடிக்கையாளருக்கே திரும்பிவிடும். தானாக கேப்சர் ஆகும்படி அமைத்துவிடுங்கள்.

இன்னொரு சாதாரணத் தவறு: சோதனை முறையில் கொடுத்த 'டெஸ்ட்' சாவியை மாற்றாமலே கடையைத் திறந்துவிடுவது. ஆர்டர்கள் வரும், பணம் வராது. கேட்வே நிறுவனம் உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்தால், தளத்தில் தொடர்பு முகவரி, விதிமுறைகள், தனியுரிமைக் கொள்கை, டெலிவரி விவரம், பணம் திருப்பித் தரும் கொள்கை ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் குறை இருக்கும்.

ஆர்டர் மெயில் வரவில்லையா?

முதலில் 'ஸ்பேம்' பெட்டியைப் பாருங்கள். அனுப்புநர் முகவரியில் ஜிமெயில் முகவரியைப் போட்டு, மெயிலை உங்கள் ஹோஸ்டிங் அனுப்பினால் அது சந்தேகத்துக்கு உள்ளாகும். உங்கள் டொமைன் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் வைத்து, எஸ்.எம்.டி.பி ப்ளக்-இன் மூலம் அனுப்புங்கள். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்புபவர்கள் எஸ்.பி.எஃப் அல்லது டி.கே.ஐ.எம் என்ற அடையாளப் பதிவை வைத்திருக்க வேண்டும் என்பதும் கட்டாயம். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டால் அமைத்துத் தருவார்கள்.

திரை வெள்ளையானால்...

ப்ளக்-இன் ஒன்றைப் புதுப்பித்த உடனே தளம் நின்றுவிட்டால், அதுவும் வேறொன்றும் மோதுகின்றன. நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு வேர்ட்பிரஸ் ஒரு மீட்பு லிங்க் அனுப்பியிருக்கும். அதன் வழியே உள்ளே போகலாம். எல்லா ப்ளக்-இன்களையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். எதை இயக்கும்போது நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. இந்த அவதியே வேண்டாம் என்றால், புதுப்பிக்கும் முன்பு 'பேக்கப்' எடுத்து வைக்க வேண்டும். அதைத் தளத்திலேயே வைக்காமல் வேறோர் இடத்தில் வையுங்கள்.

கடை திறக்கும் முன்பு...

1 ரூபாய்க்கு ஒரு பொருளைத் தற்காலிகமாகப் போடுங்கள். வேறொருவரின் போனில், வேறு மாவட்டத்து பின்கோடு கொடுத்து, உண்மையாகவே பணம் கட்டி வாங்கச் சொல்லுங்கள். ஆர்டர் வருகிறதா, மெயில் வருகிறதா, இருப்பு குறைகிறதா, பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேருகிறதா, திருப்பி அனுப்பினால் போகிறதா என்று ஐந்தையும் பாருங்கள். ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பிறகும் இதை ஒருமுறை செய்துவிடுங்கள்.

அடிக்கடி எழும் கேள்விகள்

சொந்த இணையதளத்தில் விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டுமா?

வேண்டும். எண்ணெய், தூள், மாவு என்று மதிப்புக்கூட்டி விற்பவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 14 இலக்க எண்ணைப் பெற்று, பாக்கெட்டில் அச்சிட வேண்டும். பொட்டலப் பொருள் விதிகளின்படி நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் பெயர், முகவரி போன்றவற்றை இணையதளத்திலும் காட்ட வேண்டும்.

ஜி.எஸ்.டி பதிவு தேவையா?

தன் நிலத்தில் விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயிக்குத் தேவையில்லை. தூளாகவோ எண்ணெயாகவோ மாற்றி வெளி மாநிலத்துக்கு அனுப்பினால், விற்பனை குறைவாக இருந்தாலும் பதிவு தேவைப்படும். பதிவு செய்யும்வரை ஷிப்பிங் ஜோனில் தமிழ்நாட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பொருளுக்கு என்ன வரி என்பதை ஓர் ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

'மொத்தமாக வாங்குகிறோம், பணம் அனுப்பியிருக்கிறோம், பின் நம்பரைப் போடுங்கள்' என்று அழைப்பு வருகிறது. என்ன செய்வது?

உடனே துண்டித்துவிடுங்கள். யு.பி.ஐ-யில் பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் தேவை. வாங்குவதற்குத் தேவையே இல்லை. பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பியும் பார்சல் அனுப்ப வேண்டாம். வங்கிக் கணக்கையோ கேட்வே கணக்கையோ பார்த்த பிறகே பொருள் கிளம்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.