படைத்துறைப் பொறியியலும் விண்வெளிப் பணியும்: நம் பிள்ளைகளுக்கு ஒரு வழி

காணியையும் வீட்டையும் விட்டு வந்த குடும்பங்களுக்கு எஞ்சியிருக்கும் பெரிய முதுசம் பிள்ளைகளின் படிப்பே. ஆயினும் விமானம், ராக்கெட், செய்மதி என்றதும் அவை வசதி படைத்தோருக்கும் படையினருக்கும் மட்டுமே உரியவை என்று நம் பெற்றோர் ஒதுங்கிவிடுவதுண்டு.

படைத்துறைப் பொறியியலாளரின் வேலை என்ன? விமான இயந்திரங்களைப் பராமரித்தல், ராடார் மற்றும் வானொலிக் கருவிகளை இயக்குதல், உலோகங்களின் உறுதியைச் சோதித்தல் முதலியனவாகும். செய்மதி செய்யவும் இதே அறிவுதான் வேண்டும். எனவேதான் ஒரு துறையிலிருந்து மற்றதற்குச் செல்ல முடிகிறது.

இதற்கு நாமறிந்த சான்று இராமேஸ்வரத்து அப்துல் கலாம். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகவியல் கற்றார். சென்னையில் விமானப் பொறியியல் படிக்கக் கட்டணம் இல்லாதபோது அவருடைய சகோதரி தம் நகைகளை அடகு வைத்தார். விமானப்படை விமானி தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தார். 1958இல் பாதுகாப்பு அமைச்சின் தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்து, 1962இல் விண்வெளிப் பணிக்குச் சென்றார்.

அப்பணி கேரளத்தின் தும்பாவில் தொடங்கிற்று. அங்கிருந்த மீனவ மக்கள், ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா எடுத்துரைத்ததை ஏற்று, தம் நிலத்தையும் புனித மகதலேனா மரியாள் ஆலயத்தையும் கொடுத்து வேறிடம் பெயர்ந்தனர். 1963 நவம்பர் 21ஆம் திகதி அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. 1980இல் கலாம் தலைமையில் உருவான ராக்கெட் ரோகிணி செய்மதியை விண்ணில் சேர்த்தது.

1982இல் அவர் மீண்டும் படைத்துறைக்கு, ஏவுகணைப் பணிக்குத் திரும்பினார். அறிவு இருபுறமும் கூருள்ள கத்தி. ஆனால் ஏவுகணைக்கென உருவாக்கிய இலேசான பொருளைக்கொண்டே, இளம்பிள்ளைவாதத்தால் கால் வலுவிழந்த சிறுவருக்குச் சுமார் 300 கிராம் எடையுள்ள தாங்கிகளும் செய்யப்பட்டன. அதற்கு முன் அவர்கள் மூன்று கிலோ இரும்பைச் சுமந்தனர். எதற்காகக் கற்கிறோம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

நம் நாட்டில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் பொறியியல் கற்பிக்கிறது. பயிலிளவல் அதிகாரிகளாகச் சேர்வோர் பின்னர் படையில் சேவை செய்யக் கட்டுப்பட்டவர்கள். படையில் சேர விரும்பாதோருக்கும் வழியுண்டு. கண்டிக்கு அருகிலேயே பேராதனைப் பொறியியல் பீடம் இருக்கிறது. 2019இல் விண்ணில் விடப்பட்ட ராவணா-1 செய்மதியை ஜப்பானில் பயின்ற இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கினர்.

பெற்றோர் செய்ய வேண்டியவை:

1. சாதாரண தரம் வரை கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கைவிடச் செய்யாதீர்கள். உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும்.

2. பெண் பிள்ளைகளையும் இடைநிறுத்தாதீர்கள்.

3. பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

4. பல்கலைக்கழகம் கிட்டாதவர் கடைசல், ஒட்டுவேலை, மின்னியல் பயின்று தேசிய தொழில் தகைமை பெறலாம். விமானத்துக்கும் செய்மதிக்கும் கைத்தேர்ச்சி உள்ளவர்கள் வேண்டும்.

காணி திரும்பக் கிடைக்கும்வரை படிப்பு காத்திருக்க முடியாது. பருவம் தப்பினால் விதை முளைக்காது என்பதை விவசாயிகளாகிய உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.