மழையில் மலையேற்றம்: இரும்புச் சங்கிலி எதுவரை காப்பாற்றும்?

பரளச்சி கரிசல் காட்டில் சுள்ளென்று வெயில். வீக்கெண்ட் வந்தால் நண்பர்கள் குரூப்பில் முதல் கேள்வி, 'மலைக்குப் போவோமா?' ஆல்ப்ஸ் மலை இடுக்கில், கொட்டும் மழையில் கம்பியைப் பிடித்துப் பாறையேறும் ரீல்ஸைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும்.

அது என்ன?

'வியா ஃபெராட்டா'. இத்தாலிய மொழியில் 'இரும்புப் பாதை'. முதல் உலகப் போரில் டோலோமைட் மலைகளில் ராணுவ வீரர்களுக்காக இப்படிப் பல பாதைகள் போடப்பட்டன. இடுப்புப் பட்டையிலிருந்து இரண்டு கொக்கிகளைக் கம்பியில் மாட்டுவார்கள். ஒன்றைக் கழற்றி மாற்றும்போது இன்னொன்று மாட்டியே இருக்கும்.

நம்ம ஊரில் உண்டா?

திருவண்ணாமலை மாவட்டம் பர்வதமலையில் கடப்பாரைப் படி, சங்கிலி, ஏணி எல்லாம் உண்டு. ஆனால் பக்தர்களுக்குக் கொக்கி கிடையாது, கைப்பிடிதான்.

மழை பெய்தால்?

பாறை வழுக்கும். மின்னல் அடித்தால் பிடித்திருக்கும் இரும்பே ஆபத்து. மலை இடுக்கில் வெள்ளம் வந்தால் ஒதுங்க இடமிருக்காது. பரளச்சி இருக்கும் அதே விருதுநகர் மாவட்டத்தின் சதுரகிரி மலைப்பாதையில், 2015 மே மாதம் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் 17 வயது சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

என்ன செய்யலாம்?

நம்ம ஊர் வெயிலைப் பார்த்துக் கிளம்பாதீங்க. மலைப்பகுதிக்கான வானிலை எச்சரிக்கையைப் பாருங்க. வனத்துறை தடை போட்டிருந்தால் திரும்பிடுங்க. ஓடைத் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்க. வீடியோ எடுக்க நிற்காதீங்க.