கடலுயிராய்ச்சியும் ஆதிக்குடிகளின் அறிவும்

ஓர் உயிரினத்தைக் கண்டறிந்தவர் யாவர் என வினவின், அதற்குப் பெயரிட்ட அறிஞரையே நூல்கள் சுட்டுவது வழக்கம். அவ்விடை முற்றும் பொருந்தாதென்பதை அவுஸ்திரேலியாவின் வடகரை உணர்த்துகின்றது. ஆங்கு வாழும் மழுங்கிய முகமுடைய ஓங்கில் (டொல்பின்) 2005ஆம் ஆண்டிலேதான் தனியினமென விஞ்ஞானிகளால் வகுக்கப்பட்டது. அதுவரை ஆசியாவின் ஐராவதி ஓங்கிலெனவே எண்ணப்பட்டது. அக்கடலோடு வாழ்ந்த ஆதிக்குடிகளுக்கோ அது புதிய உயிரன்று.

அம்மக்களின் உரிமை சட்டத்தில் இடம்பெற்றதும் அண்மைக்காலத்திலேயாம். ஐரோப்பியர் வருமுன் அந்நிலம் எவர்க்கும் உரியதன்றென்ற கொள்கையை 1992ஆம் ஆண்டின் மாபோ வழக்குத் தீர்ப்புத் தகர்த்தது. 1993இல் எழுந்த சட்டம் பூர்வீக உரிமையை உறுதிசெய்தது. உணவின்பொருட்டு மரபுவழி ஆமை பிடித்தலும் அவ்வுரிமையுள் அடங்கும். 2007 முதல் மத்திய அரசின் பொருளுதவிபெறும் ஆதிக்குடி 'றேஞ்சர்' குழுக்கள், தம் முன்னோரின் கடற்பரப்பைத் தாமே காத்துவருகின்றன.

இக்குழுவினரும் விஞ்ஞானிகளும் ஒரே படகிற் செல்கின்றனர். ஓங்கிலின் முதுகுத் துடுப்பிலுள்ள வடுக்களும் வெட்டுக்களும் ஒவ்வொன்றிற்கும் வேறுபடும். அவற்றைப் படம்பிடித்து ஒப்பிட்டுத் தனித்தனி உயிர்களை இனங்கண்டு, தொகையைக் கணிக்கின்றனர். அந்தாட்டிக்கடலிலிருந்து கன்றீனுதற்குக் கிம்பர்லிக் கரைக்கு வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்களும் கணக்கெடுக்கப்படுகின்றன. கடல்மட்டம் 10 மீற்றருக்கு மேலாகவும் ஏறியிறங்கும் அக்கரையில், எவ்வேளையில் எவ்வழி செல்லலாம், எவ்வுயிர் எங்கே இரைதேடும் என்பவற்றை அறிந்தவர் உள்ளூராரே. அவரின்றேற் கருவிகளாற் பயன் சிறிதாம்.

கடலாமை ஆராய்ச்சியில் இக்கூட்டுறவின் இன்றியமையாமை தெளிவாகும். பெருந்தடுப்புப் பவளப்பாரின் வடகோடியிலுள்ள றெயின் தீவு, பேராமைகள் முட்டையிடும் இடங்களுள் உலகில் மிகப் பெரியது. ஆமைக்குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் மணலின் வெப்பத்தால் அமையும். ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேற்படின் பெண்களே மிகும். வடபாற் கரைகளிற் பிறந்த ஆமைகளுள், முதிர்ந்தவற்றில் நூற்றுக்கு 87உம் இளையவற்றில் 99உம் பெண்ணென 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கடல்நீர் புகுந்து முட்டைகள் அழியாவண்ணம் அத்தீவின் மணல்மேட்டை உயர்த்தும் பணியில், அதன் பாரம்பரிய உரிமையாளராகிய வுத்தாத்தி, மெறியம் மக்களும் பங்குகொண்டனர்.

பேராமை முதிர்ச்சியடையப் பல பத்தாண்டுகள் செல்லும். மூன்றாண்டு ஆய்வுத்திட்டம் அதன் வாழ்நாளில் ஒரு சிறு கூறேயாம். முதியோரின் நினைவோ தலைமுறைகளைத் தழுவியது. எனினும் ஆண் பெண் விகிதத்தை அந்நினைவு மட்டுங்கொண்டு அளத்தல் இயலாது. ஆகவே ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது.

முற்கால ஆய்வுகள் பல அம்மக்களின் ஒப்புதலின்றியே நடைபெற்றன. அவர்தம் உணவும் சடங்கும் சார்ந்த உயிர்களைப்பற்றி அவரை வினவாது முடிவுசெய்தல் நீதியாகாது. அத்தகைய முடிவு நெடிது நிலைப்பதுமில்லை. அறிந்தோரை அறிந்தோராக மதித்தலே ஆராய்ச்சியின் முதற்படியாகும்.