கார் கொதித்தால் மூடியில் கை வைக்காதீர்கள்!

கோடை விடுமுறையில் மேட்டுப்பாளையம்–ஊட்டி மலைப்பாதையில் கார்கள் வரிசையாக ஏறுகின்றன. அந்த வரிசையில் பழைய அம்பாசிடர் கார்களும் உண்டு. வளைவுக்கு வளைவு முதல் கியரில் முக்கி முனகி ஏறும்போது, திடீரென்று பானட்டின் இடுக்கில் ஆவி கிளம்பும். கார் நின்றுவிடும்.

இந்த நேரத்தில்தான் ஆபத்து. "தண்ணீர் குறைந்திருக்கும், ஊற்றிவிடலாம்" என்று அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறப்பவர்கள் பலர். உள்ளே அடைபட்டிருக்கும் கொதிநீர் ஊற்றுப்போல் பீறிட்டு அடிக்கும். ஒரே நொடியில் முகமும் கையும் வெந்துவிடும்.

அம்பாசிடர் கார் 1957-ம் ஆண்டு முதல் கொல்கத்தா அருகே உள்ள உத்தரபாராவில் தயாரானது. 2014-ல் உற்பத்தி நின்றது. ஆகவே, இன்று ஓடும் அம்பாசிடர் ஒவ்வொன்றும் வயதான கார்தான். வயதான உடம்பைப்போல அதற்கும் கவனிப்பு தேவை.

மலையில் ஏன் கொதிக்கிறது?

பெட்ரோல் எரியும்போது உண்டாகும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கு வருகிறது. முன்புறக் காற்றும் விசிறியும் அதைக் குளிர வைக்கின்றன. வாட்டர் பம்ப் அதை மீண்டும் என்ஜினுக்குத் தள்ளுகிறது.

மலை ஏறும்போது என்ஜினுக்கு வேலை அதிகம். காரின் வேகமோ குறைவு. சூடு கூடுகிறது, காற்று குறைகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. உயரம் கூடக் கூட, தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடற்கரை ஊரில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாவது இதனால்தான்.

குக்கரும் ரேடியேட்டரும்

ரேடியேட்டர் மூடி, குக்கரின் மூடியைப் போன்றது. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிடாமல் தடுக்கிறது. 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, கொதிக்கும் சூட்டை 10 டிகிரிக்கு மேல் உயர்த்திவிடும். மூடியின் ரப்பர் தேய்ந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஆவி அடங்காத குக்கரை எந்தத் தாயும் திறப்பதில்லை. ரேடியேட்டருக்கும் அதே விதிதான்.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

எப்போது கொதிக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

நெரிசலில் நின்றால் கொதிக்கிறது, ஓடினால் ஆறுகிறது என்றால், விசிறியையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது கொதித்தால், ரேடியேட்டர் குழல்களில் உப்பும் துருவும் அடைத்திருக்கலாம். வெந்நீர் அண்டாவில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் இங்கேயும் படிகிறது.

புறப்பட்ட சில நிமிஷங்களிலேயே சூடேறினால், தண்ணீர் குறைந்திருக்கலாம். அல்லது தெர்மாஸ்டாட் என்னும் சிறு கதவு திறக்காமல் சிக்கியிருக்கலாம்.

வெளியே ஒழுக்கு இல்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது. எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் இருக்கிறது என்றால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்தக் காரை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது.

பழைய அம்பாசிடரில் டைனமோவையும் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுவது ஒரே பெல்ட். ஓடும்போது சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்து, சூடும் ஏறினால், பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்த வேண்டும்.

வழியில் நின்றுவிட்டால்

காரை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். குழந்தைகளை இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்க வைக்க வேண்டும். குறைந்தது அரைமணி நேரம் பொறுக்க வேண்டும்.

ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாய் தொடும் அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணியை மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மெல்லக் கொஞ்சம் திருப்பலாம். மிச்ச ஆவி போன பிறகே முழுதும் திறக்கலாம்.

சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டக் கூடாது. காய்ந்த இரும்பு சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். ஆறிய பின்பும் சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும்.

புறப்படும் முன்

காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் மட்டம் பார்ப்பது நல்லது. பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவே அமுங்க வேண்டும். ரப்பர் குழாய்கள் வெடித்தோ, உப்பியோ இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

உப்புத் தண்ணீர் கூடாது. சுத்த நீருடன் கூலன்ட் சரிபாதி கலந்தால் துருவும் குறையும், கொதிநிலையும் உயரும். ஆனால் கூலன்ட் விஷம், இனிப்பாகவும் இருக்கும். குழந்தைகளுக்கும் நாய், பூனைகளுக்கும் எட்டாத இடத்தில் அதை வைக்க வேண்டும்.

மலை ஏறும்போது வெப்பமானியின் முள்மீது ஒரு கண் இருக்கட்டும். முள் ஏறத் தொடங்கியதும் நிறுத்தினால் போவது அரைமணி நேரம். நிறுத்தாமல் விரட்டினால் போவது என்ஜின்.